மூணு நாள் அடிச்சேன், கேக்கல டாக்டர்!

போன இதழ்ல அலர்ஜி தும்மல் பத்தி எழுதினேன். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பெரும்பாலானது ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருக்கு, மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே. பயம், சந்தேகம், கோபம் எல்லாம் கலந்து வந்திருக்கு. அதனால இந்த தடவை முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதனால யார் பேரையும் போடல.

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 34. வருஷக்கணக்கா காலைல எந்திரிச்சதும் வரிசையா தும்மல், அப்புறம் நாள் பூரா மூக்கடைப்பு. மொமெட்டசோன் ஸ்ப்ரே எழுதிக் குடுத்தாங்க. மூணு நாள் அடிச்சேன், ஒண்ணும் கேக்கல, தூக்கி வெச்சுட்டேன். அதுக்கு முன்னாடி நானே மெடிக்கல்ல வாங்கி அடிச்ச ஸ்ப்ரே அஞ்சு நிமிஷத்துல மூக்கைத் தொறந்து விட்டுச்சு. அப்போ டாக்டர் குடுத்தது வேஸ்ட்தானே?

பதில்: வேஸ்ட் இல்லங்க. நீங்க மூணாவது நாள் நிறுத்திட்டீங்க, அது வேலையைத் தொடங்கவே அப்போதான் ஆரம்பிச்சிருக்கும். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி குட்டி பாட்டில்தான், ஆனா உள்ள இருக்கிறது சம்பந்தமே இல்லாத மருந்து. நீங்க முன்னாடி வாங்கினது அனேகமா சைலோமெட்டசோலின் இல்லன்னா ஆக்ஸிமெட்டசோலினா இருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்க. மூக்குக்குள்ள டர்பினேட்னு சதை மடிப்பு இருக்கு, அதுக்குள்ள பஞ்சு மாதிரி ரத்தம் தேங்குற குழாய்கள் இருக்கு, அது வீங்கினாத்தான் அடைப்பு. அந்த மருந்து அந்தக் குழாயை இறுக்கிப் பிடிச்சு சுருக்கிடும், அதான் அஞ்சு நிமிஷத்துல காத்து வருது. ஆனா அலர்ஜி அப்படியேதான் இருக்கும். தொடர்ந்து அடிச்சா அதுக்கப்புறம் மருந்து இறங்குன உடனே குழாய் முன்னைவிட அதிகமா வீங்கும், திரும்ப அடிக்கணும், அப்புறம் அது இல்லாம தூங்கவே முடியாதுங்கிற நிலைமைக்கு வந்துடுவாங்க. 3 நாள், ரொம்பப் போனா 5 நாள், அதுக்கு மேல அதைத் தொடாதீங்க. உண்மைலயே பழக்கமாகிப் போற ஸ்ப்ரே அதுதான், ஆனா எல்லாரும் பயப்படறது என்னமோ ஸ்டீராய்டைப் பார்த்து.

உங்க டாக்டர் குடுத்த மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு ஸ்ப்ரே, அது குழாயைப் பிடிச்சு இறுக்காது. அது செல்லுக்குள்ள போயி, செல் என்ன தயாரிக்கணும் என்ன தயாரிக்கக்கூடாதுங்கிறதை மாத்துது. சிலருக்கு 12 மணி நேரத்துலயே கொஞ்சம் லேசா தெரியும், ஆனா முழுப் பலன் தெரிய ரெண்டு வாரம் ஆகும். தினமும் விடாம ரெண்டு வாரம், முடிஞ்சா நாலு வாரம் அடிங்க, அதுக்கப்புறமும் கேக்கலன்னா அப்போ பேசலாம்.

கேள்வி: நான் பயோடெக்னாலஜி படிக்கிறேன் சார். "செல்லுக்குள்ள போயி மாத்துது"ன்னு எல்லாரும் சொல்றாங்க, யாருமே அதுக்கு மேல சொல்ல மாட்டேங்குறாங்க. மூக்குல இருக்கிற செல்லுல உண்மையா என்னதான் நடக்குது?

பதில்: இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஏன்னா இது புரிஞ்சுட்டா மத்த கேள்விகள்ல பாதி தானா அடங்கிடும். கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல மருந்து இல்லாத மூக்கு. தூசிப் பூச்சியோட கழிவோ, மகரந்தமோ, பூனை மேல இருந்து வர்ற புரதமோ உள்ள போகுது. மூக்கோட உள் தோல்ல செல்கள் ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா தைச்ச மாதிரி ஒட்டியிருக்கும், தூசிப் பூச்சியோட கழிவுல இருக்கிற ஒரு புரதம் என்சைம் வேலையும் பார்க்கும், அது அந்தத் தையலைப் பிரிச்சு விட்டுட்டு உள்ள நுழையும். உள்ள மாஸ்ட் செல்லுங்கிற நோய் எதிர்ப்பு செல் காத்துட்டு இருக்கு, அதோட மேல ஐஜிஈங்கிற ஆன்டிபாடி குத்தி நிக்குது. அலர்ஜிப் பொருள் வந்து ரெண்டு ஐஜிஈயைச் சேர்த்துப் பிடிச்ச உடனே மாஸ்ட் செல் தன்கிட்ட மூட்டை மூட்டையா கட்டி வெச்சிருக்கிற ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்தைக் கொட்டிடும். நிமிஷக் கணக்குல தும்மல், அரிப்பு, தண்ணி மாதிரி ஒழுகல். இது முதல் அலை.

4லிருந்து 8 மணி நேரம் கழிச்சு ரெண்டாவது அலை. மாஸ்ட் செல்லும், டி செல்லுங்கிற இன்னொரு நோய் எதிர்ப்பு செல்லும், மூக்கோட மேல் தோல் செல்லும் சேர்ந்து இன்டர்லூக்கின் 4, 5, 13 மாதிரி சிக்னல்களை அனுப்பி வெச்சிருக்கும், அதைக் கேட்டு ரத்தத்துல இருந்து இயோசினோஃபில்ங்கிற வெள்ளை அணுக்கள் கூட்டமா மூக்குச் சதைக்குள்ள வந்து இறங்கும். அதுகள் கக்குற புரதம் மூக்கோட உள் தோலை அரிக்கும். காலைல தூசி தட்டினா சாயந்திரம் அடைப்பு வருதே, அது இதனாலதான். இன்னொரு விஷயம், இப்படி தினம் நடந்துட்டே இருந்தா மூக்கு உசுப்பேறிப் போயிடும், நாளாக ஆக ரொம்பக் கொஞ்சம் தூசிக்கே பெரிய தும்மல் வரும்.

இப்போ ஸ்ப்ரே அடிக்கிறீங்க. ஸ்டீராய்டு மூலக்கூறு கொழுப்புல கரையக்கூடியது, அதனால செல்லோட சவ்வு வழியா தானா உள்ள நழுவிப் போயிடும், கதவு எதுவும் தேவையில்ல. உள்ள அதுக்குன்னே ஒரு ரிசப்டர் இருக்கு, அதாவது ஸ்டீராய்டு வந்து ஒட்டிக்கிற ஒரு புரதம், ஹீட் ஷாக் புரோட்டீன் 90னு ஒரு புரதம் அதைக் கையைப் பிடிச்சு உக்கார வெச்சிருக்கும். ஸ்டீராய்டு வந்து ஒட்டுன உடனே அந்த ரிசப்டர் கெளம்பி டிஎன்ஏ இருக்கிற நியூக்ளியஸுக்குள்ள போகுது. அங்க ரெண்டு வேலை. ஒண்ணு, வீக்கத்தை உண்டாக்குற ஜீன்களைக் கெளப்பி விடுற என்எஃப் கப்பா பி, ஏபி 1னு ரெண்டு புரதங்கள் இருக்கு, அதுகளை அடக்குது, கூடவே ஹிஸ்டோன் டிஅசிடைலேஸ் 2ங்கிற என்சைமைக் கூட்டிட்டு வந்து விரிஞ்சு கெடக்குற டிஎன்ஏவை மறுபடி சுருட்டி வைக்கச் சொல்லுது. சுருட்டின இடத்துல இருந்து ஜீன் படிக்க முடியாது, அதனால அந்த இன்டர்லூக்கின்கள் தயாராகுறது குறைஞ்சு போகுது. ரெண்டாவது, அனெக்ஸின் 1 மாதிரி வீக்கத்தைத் தணிக்கிற புரதங்களோட ஜீனை இதுவே டிஎன்ஏல உக்காந்து முடுக்கி விடுது.

இதனால ஒவ்வொரு செல்லுக்கும் என்ன ஆகுதுன்னா, இயோசினோஃபில் உயிரோட இருக்கிறதுக்கே இன்டர்லூக்கின் 5ம் அது மாதிரி சிக்னல்களும் வேணும், அது கிடைக்காததால அதுகள் தானாவே சிதைஞ்சு போகுது, புதுசா வர்றதுக்கும் அழைப்பு இல்ல. (நியூட்ரோஃபில்ங்கிற இன்னொரு வெள்ளை அணு மட்டும் இதுக்கு நேர் எதிர், ஸ்டீராய்டு பட்டா அது இன்னும் கொஞ்ச நாள் அதிகமா வாழும். நியூட்ரோஃபில் மட்டுமே இருக்கிற வீக்கத்துல ஸ்டீராய்டு அவ்வளவா எடுபடாததுக்கு இது ஒரு காரணம்.) மாஸ்ட் செல் கதை வேற. ஹிஸ்டமினைக் கொட்டப் போற மாஸ்ட் செல்லை ஸ்டீராய்டு அந்த நேரத்துல கையைப் பிடிச்சு நிறுத்தாது. ஆனா நாளாக ஆக மூக்கோட மேல் அடுக்குல மாஸ்ட் செல்களோட எண்ணிக்கையே குறைஞ்சிடும். அலர்ஜிப் பொருளைப் பிடிச்சு டி செல்கிட்ட காட்டிக் குடுக்குற டென்ட்ரிட்டிக் செல்லும் குறையும். பிரிஞ்சு போன தையல் சொன்னேன்ல, அதையும் மறுபடி இறுக்க இது உதவுது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஆய்வு இருக்கு, 1980கள்ல நடந்தது. மாத்திரையா வாயில ஸ்டீராய்டு சாப்பிட்டவங்களுக்கு ரெண்டாவது அலைதான் குறைஞ்சுது, முதல் அலை அப்படியே இருந்துச்சு. ஆனா ஒரு வாரம் முன்னாடியே மூக்குல ஸ்ப்ரே அடிச்சுட்டு வந்தவங்களுக்கு ரெண்டு அலையும் குறைஞ்சுது. நேரா அந்த இடத்துல, தினமும், முன்கூட்டியே அடிக்கிறதுக்கு இருக்கிற மதிப்பு இதுல தெரியும். ஜீன் அணையணும், ஏற்கனவே தயாரான புரதம் தீரணும், ஏற்கனவே வந்து உக்காந்த செல்கள் காலியாகணும், இத்தனையும் நடக்க நாள் ஆகத்தானே செய்யும்.

கேள்வி: ஸ்டீராய்டு க்ரீம் தடவித் தடவி என் அக்கா முகத்துத் தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் எல்லாம் வெளிய தெரியுது டாக்டர். மூக்குக்குள்ள இதே மருந்தை மாசக்கணக்கா அடிச்சா உள்ள இருக்கிற தோல் என்ன ஆகும்? ஓட்டை விழும்னு ஒருத்தர் சொன்னாரு.

பதில்: உங்க அக்காவுக்கு நடந்தது உண்மை, அந்தப் பயம் நியாயமானது. முகத்துக்கு அந்த க்ரீம் போடறதை ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டி முறைப்படி நிறுத்தச் சொல்லுங்க, இது தனி விஷயம், ஆனா சொல்லாம விட மனசு வரல.

மூக்கோட உள் தோல் முகத்துத் தோல் மாதிரி கெடையாது. மேல தடிச்ச கெரட்டின் அடுக்கு கெடையாது, சிலியான்னு மயிரிழை மாதிரி துடிக்கிற செல்களும் சளி சுரக்கிற செல்களும்தான், மேல ஓடுற சளி அதுல விழுந்ததைத் தொண்டைக்குத் தள்ளிட்டே இருக்கும். இங்க தோல் மெலியுதான்னு பார்க்க ஊகம் பண்ண வேண்டியதில்ல, துண்டு எடுத்தே பார்த்திருக்காங்க. வருஷம் முழுக்க அலர்ஜி இருக்கிறவங்க 12 மாசம் தினமும் மொமெட்டசோன் அடிச்சாங்க, ஆரம்பத்துலயும் முடிவுலயும் மூக்குல இருந்து துளி சதை எடுத்து மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பார்த்தாங்க. மெலியல. அதுக்குப் பதிலா இயோசினோஃபில் குறைஞ்சிருந்துச்சு, அலர்ஜியால சிதைஞ்சு உருமாறிப் போயிருந்த இடங்கள்ல சிலியா வெச்ச சரியான செல்கள் திரும்பி வந்திருந்துச்சு. மூக்கைக் கெடுத்தது அலர்ஜி, மருந்து அதை ஆற விட்டிருக்கு. இதைப் படிச்சப்புறம்தான் எனக்கே தைரியம் வந்துச்சு, ஏன்னா நானும் பல வருஷமா அலர்ஜிக்காரன், எனக்கும் தினம் இதே ஸ்ப்ரேதான்.

ஓட்டை விஷயம், ரெண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவுல இருக்கிற சுவர்ல ஓட்டை விழுறது அபூர்வமா பதிவாகியிருக்கு, மறைக்க மாட்டேன். பெரும்பாலும் அது நுனியை நேரா நடுச்சுவர் மேல வெச்சு வருஷக்கணக்கா அடிக்கிற பழக்கத்தோட சேர்ந்து வர்றது. எப்படி அடிக்கணும்னு கீழ சொல்றேன்.

கேள்வி: என் பையனுக்கு 7 வயசு, இதை அடிச்சா வளர்த்தி நின்னுடும்னு மாமியார் ஒரே சண்டை. என்ன சொல்றதுன்னே தெரியல டாக்டர்.

பதில்: மாமியார் கேக்கறது சரியான கேள்விம்மா, அவங்ககிட்ட சண்டை போடாதீங்க. எந்த மருந்துங்கிறதைப் பொறுத்து பதில் மாறும். 2000ல வந்த ஒரு ஆய்வுல 6லிருந்து 9 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு பெக்லோமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு ஸ்ப்ரே தினம் ரெண்டு வேளை ஒரு வருஷம் குடுத்தாங்க. மருந்து எடுத்தவங்க 5 சென்டிமீட்டர் வளர்ந்தாங்க, மருந்தே இல்லாத வெறும் ஸ்ப்ரே எடுத்தவங்க 5.9 சென்டிமீட்டர். வித்தியாசம் இருந்துச்சு, அதைச் சின்னதுன்னு நான் தள்ள மாட்டேன். அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வுல மொமெட்டசோன் 100 மைக்ரோகிராம் ஒரு வருஷம் குடுத்த பிள்ளைங்களுக்கு வளர்த்தில குறையே இல்ல.

காரணம் இதுதான். மூக்குல அடிக்கிற மருந்துல ஒரு பெரிய பங்கு சளியோட சேர்ந்து தொண்டை வழியா வயித்துக்குத்தான் போகும். அங்கிருந்து ஈரல் வழியா போகும்போது எவ்வளவு அழியுதுங்கிறதுதான் கணக்கு. பெக்லோமெத்தசோன்ல 44 சதவீதம் போல உடம்புக்குள்ள சேருது, புடசோனைடுல 34 சதவீதம். மொமெட்டசோன்ல 1 சதவீதத்துக்கும் கீழ, ஃப்ளூட்டிகசோன் ப்ரொப்பியோனேட்ல 2 சதவீதத்துக்குக் கீழ, ஃப்ளூட்டிகசோன் ஃப்யூரோயேட்ல அரை சதவீதம்தான். அதனால குழந்தைக்கு எழுதும்போது பெரும்பாலும் இந்தக் கடைசி மூணுல ஒண்ணைத்தான் டாக்டருங்க தேர்ந்தெடுப்பாங்க. பையனோட பாட்டில்ல என்ன பேர் இருக்குன்னு பாருங்க, கேக்குற குறைஞ்ச அளவுல வையுங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சுவத்துல நிக்க வெச்சு உயரத்தைக் குறிங்க. அவனுக்கு ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுற ஸ்டீராய்டும், தோலுக்கு க்ரீமும் சேர்ந்து போகுதுன்னா கண்டிப்பா டாக்டர்கிட்ட மூணையும் சேர்த்துச் சொல்லுங்க, மூணும் மூணு டாக்டர் எழுதினதா இருந்தா யாருமே கூட்டிப் பார்த்திருக்க மாட்டாங்க. இன்னொண்ணு, மூக்கடைச்சு ராத்திரி பூரா வாயால மூச்சு விட்டுட்டு, தூக்கம் கெட்டு, காலைல ஸ்கூல்ல தூங்கி வழியிற பிள்ளைக்கும் இழப்பு இருக்குன்னு மாமியார்கிட்ட மெதுவா சொல்லிப் பாருங்க.

கேள்வி: ஸ்ப்ரே ஆரம்பிச்சு பத்து நாள்ல ரெண்டு தடவை சில்லுமூக்கு உடைஞ்சு ரத்தம் வந்துடுச்சு சார். பயந்து நிறுத்திட்டேன்.

பதில்: இது ரொம்ப சகஜமா வர்ற பக்கவிளைவு, நடுச்சுவரோட முன்பக்கத்துல குட்டிக் குட்டி ரத்தக்குழாய்கள் பின்னிக் கெடக்குற ஒரு இடம் இருக்கு, மருந்து அங்கயே போயி பீச்சி அடிச்சா காஞ்சு வெடிக்கும். ரெண்டு மூணு நாள் ஸ்ப்ரேயை விட்டுட்டு உப்புத்தண்ணி சொட்டு மட்டும் போடுங்க, ஆறின பிறகு முறையை மாத்தி ஆரம்பிங்க. முதல்ல மூக்கை மெதுவா சிந்திடுங்க, சளி மேல அடிச்சா செல்லுக்குப் போய்ச் சேராது. பாட்டிலைக் குலுக்குங்க. தலையைக் கொஞ்சம் முன்னாடி சாய்ச்சுக்கோங்க, நிறைய பேர் அண்ணாந்துட்டு அடிக்கிறாங்க, அப்படி அடிச்சா மருந்து நேரா தொண்டைக்கு ஓடிடும், கசப்பு மட்டும்தான் மிச்சம். வலது கையால இடது மூக்குக்கு, இடது கையால வலது மூக்குக்கு, இதுதான் முக்கியம், கை மாத்திப் பிடிச்சாலே நுனி தானா நடுச்சுவரை விட்டு விலகி கண்ணோட வெளி ஓரத்தைப் பார்த்து நிக்கும். அடிச்சுட்டு பூ மோந்து பார்க்கிற மாதிரி லேசா இழுங்க. பலமா உறிஞ்சக் கூடாது. புது பாட்டில்னா முதல்ல காத்துல பல தடவை அமுக்கி, சாரல் சீரா வந்த பிறகு மூக்குல வையுங்க. ரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ, மூக்குக்குள்ள பொருக்கு கட்டிட்டே இருந்தாலோ, மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டாலோ டாக்டர்கிட்ட உள்ள பார்க்கச் சொல்லுங்க.

கேள்வி: கண் அரிப்புக்கும் இது கேக்குமா?

பதில்: கேக்கும், ஓரளவுக்கு. மூக்குல இருக்கிற நரம்பு உசுப்பேறினா அனிச்சையா கண்ணும் சிவந்து ஒழுகும், மூக்கு அடங்கினா கண்ணும் அடங்கும். பத்தலன்னா தனியா கண் சொட்டு இருக்கு.

கேள்வி: ரெண்டு மாசம் அடிச்சேன், பிரமாதமா இருந்துச்சு. சரியாயிடுச்சுன்னு நிறுத்தினேன், மூணே வாரத்துல பழையபடி வந்துடுச்சு. இதுக்கு உடம்பு அடிமையாயிடுச்சா? வாழ்நாள் பூரா அடிக்கணுமா?

பதில்: அடிமை எல்லாம் இல்லங்க. மேல சொன்னதை யோசிச்சுப் பாருங்க, ஸ்டீராய்டு உங்க ஐஜிஈயைத் துடைச்சு எடுக்கல, மாஸ்ட் செல்லை வேரோட பிடுங்கல, உங்க உடம்பு தூசியை எதிரின்னு ஞாபகம் வெச்சிருக்கிறதை மாத்தல. ஜீனை அணைச்சு வெச்சிருந்துச்சு, நீங்க கையை எடுத்ததும் அது மெதுவா திரும்ப எரியுது, அதான் மூணு வாரம் ஆயிருக்கு. முதல் கேள்வில சொன்ன சைலோமெட்டசோலின் மாதிரி மருந்தோட அடிமைத்தனம் இப்படி இருக்காது, அது மருந்து இறங்கின சில மணி நேரத்துலயே மூக்கை அடைச்சுடும்.

உங்களுக்கு வருஷத்துல சில மாசம்தான் தொல்லைன்னா, அந்த சீசன் ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அடிக்க ஆரம்பிச்சு, சீசன் முடிஞ்சதும் நிறுத்திடலாம், மூக்கு உசுப்பேறுறதுக்கு முன்னாடியே போடற தடுப்பு அது. வருஷம் பூரா இருந்தா, நல்லா அடங்கின பிறகு ஒவ்வொரு துவாரத்துக்கும் ரெண்டு அடிங்கிறதை ஒண்ணா குறைச்சுப் பார்க்கலாம். ஸ்ப்ரே மட்டும் பத்தாதவங்களுக்கு அசெலாஸ்டின் கலந்த ஸ்ப்ரே இருக்கு, ஹிஸ்டமினையும் தடுக்கிறதால சீக்கிரமாவும் கேக்கும். தூசியை எதிரின்னு வெச்சிருக்கிற அந்த ஞாபகத்தையே மாத்தணும்னா இம்யூனோதெரபி மட்டும்தான் வழி, அலர்ஜிப் பொருளையே கொஞ்சம் கொஞ்சமா குடுத்து உடம்பைப் பழக்குற சிகிச்சை அது, மூணு வருஷம் போல பொறுமை வேணும், எல்லாருக்கும் பொருந்தாது.

கேள்வி: என் நண்பர் ஒருத்தர் சார்பா கேக்கறேன். அவர் எச்ஐவிக்கு மாத்திரை எடுக்கிறார், வெளிய சொல்லத் தயங்குறார். அலர்ஜிக்கு ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி, இது ரொம்ப முக்கியம். அவரோட மாத்திரைல ரிட்டோனவிர் இல்லன்னா கோபிசிஸ்டாட் இருந்தா ஃப்ளூட்டிகசோன் வேணாம். வயித்துக்குப் போற மருந்தை ஈரல் அழிக்குதுன்னு சொன்னேன்ல, அந்த அழிக்கிற என்சைமையே இந்த ரெண்டும் பூட்டிடும், அதனால துளித் துளியா போற ஸ்ப்ரே உடம்புல சேர்ந்து சேர்ந்து முகம் ஊதி, சர்க்கரை ஏறி, உடம்போட சொந்த ஸ்டீராய்டைத் தயாரிக்கிற அட்ரினல் சுரப்பி தன் வேலையையே நிறுத்திடற அளவுக்குப் போகும், அப்படி ஆனவங்க நிஜமா இருக்காங்க. புடசோனைடும் அவருக்குச் சரிப்படாது. பெக்லோமெத்தசோன் மாதிரி மாத்து இருக்கு, அவரோட டாக்டர்கிட்ட தைரியமா ரெண்டு மருந்துப் பேரையும் சொல்லச் சொல்லுங்க. ஏற்கனவே கொஞ்ச நாளா ஃப்ளூட்டிகசோன் அடிச்சுட்டு இருக்கார்னா தானா திடீர்னு நிறுத்த வேணாம், உடனே போய்ப் பார்க்கட்டும். இட்ராகோனசோல் மாதிரி பூஞ்சை மாத்திரை நாள் கணக்குல எடுக்கிறவங்களும் இதே மாதிரி சொல்லணும்.

கேள்வி: க்ளாகோமா, அதான் கண் அழுத்த நோய், இருக்கு எனக்கு. அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம், ஆனா கண் டாக்டருக்குத் தெரிஞ்சு அடிங்க, கண் அழுத்தத்தை இடையில பார்த்துக்கணும்.

கேள்வி: சாதாரண ஜலதோஷத்துக்கு வீட்ல இருக்கிற இந்த ஸ்ப்ரேயை அடிச்சுக்கலாமா?

பதில்: வேணாம், பிரயோஜனம் இல்ல. அது வைரஸ், நீங்க ரெண்டாவது வாரம் பலனை எதிர்பார்க்கிறப்போ ஜலதோஷம் தானாவே போயிருக்கும். ஆனா அலர்ஜிக்குத் தினமும் அடிக்கிறவங்க நடுவுல ஜலதோஷம் வந்தா நிறுத்த வேண்டியதில்ல, மூக்கை நல்லா சிந்திட்டு வழக்கம்போல அடிங்க.

கேள்வி: அடுத்த வாரம் அலர்ஜி ஸ்கின் டெஸ்ட் இருக்கு. ஸ்ப்ரேயை நிறுத்தணுமா?

பதில்: ஸ்ப்ரேயை நிறுத்த வேணாம், மூக்குல அடிக்கிற ஸ்டீராய்டு கைல குத்திப் பார்க்கிற டெஸ்ட்டைக் கெடுக்காது. செடிரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை எடுக்கிறீங்கன்னா அதைத்தான் சில நாள் முன்னாடியே நிறுத்தணும், எத்தனை நாள்னு டெஸ்ட் எடுக்கிற இடத்துல இன்னிக்கே போன் போட்டுக் கேட்டுக்கோங்க. அசெலாஸ்டின் கலந்த ஸ்ப்ரேன்னா அதையும் சேர்த்துச் சொல்லுங்க.